பதினான்கு

ஸ்டோர் பார்க்க வருகிறவர்களுக்கு
நான் ஒப்பிக்கும் பாடத்தில் இது இல்லை.
வாடும் மாடி, உருட்டும் மெசின், சல்லடை,
கடைசியில் ஒரு கோப்பை தேத்தண்ணி.
இருபது நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

நேற்று வந்த பிரெஞ்சுக்காரி
கோப்பையை வைத்துவிட்டு
ரோதமுனி மாடத்தின் முன் குனிந்தாள்.
கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.
வாசித்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமும் குங்குமமும் அப்பிய பித்தளை வட்டம்,
ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி வைக்கிற வட்டம்.
விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்து
"முன் கொதிகலன்" என்றாள்.
பிறகு, "நாசகாரிக் கப்பல். ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறு."
பேர் இருந்த இடத்தை எவனோ அரத்தால் ராவியிருந்தான்.
"அதில் கரி அள்ளினவர்கள் கடலைப் பார்த்ததில்லை,
தட்டுக்கு அடியிலேயே கிடப்பார்கள்" என்றாள்.

கப்பல் எங்கே உடைபட்டது,
கொழும்பில் எந்த இரும்புக்கடை
அதை எந்தத் துரை தலையில் கட்டியது,
எனக்குத் தெரியாது.
கோச்சியேறி, வண்டியேறி
அக்கரப்பத்தனைக்கு மேலே, இந்த மேமலைக்கு
உப்பு வாடையோடு வந்திருக்கும்.
இருபது வரை எண் போட்ட முகம்.
எங்கள் பாய்லருக்கு ஏழு போதும்.
ஏழுக்கு மேலே உள்ளதெல்லாம்
ஊசி படாமல் பளபளத்துக் கிடந்தது,
யாரும் குடியேறாத லயம் மாதிரி.

கொழுந்தும் தூளும் ராத்தலில்,
அரிசி கொத்தில்,
அன்று இந்த மலையில் கிலோவில் பேசியது
அந்த ஊசி ஒன்றுதான்.
அதன் பாசை தெரிந்தவன் அடுப்புக்காரன் ஒண்டிவேலு.
எழுத்து தெரியாது.
கண்ணாடி மேல், ஏழுக்கு நேரே,
சிவப்பாய் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தான்.

ஐம்பதாம் வருசம் ஸ்ட்ரைக்.
ஒரு காம்பராவின் தகரத்தைக் கழற்றியதற்காக
பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் குந்திவிட்டார்கள்.
மாடியில் கொழுந்து புளிக்கத் தொடங்க,
சீமையிலிருந்து வந்து மூன்று மாதமான சின்னத்துரை
கோட்டைக் கழற்றிப் போட்டுத் தானே விறகு தள்ளினார்.
சிவப்புக் கோட்டை அழுக்கு என்று துடைத்தார்.
இருபதை இருநூறு ராத்தல் என்று எடுத்துக்கொண்டார்;
புத்தகத்தில் நூறு, ஆகவே பத்து.
பத்தைத் தொட்டதும்
திருப்தியாய்ப் பைப் பற்றவைக்கப் போனார்.
சேஃப்டி வால்வு எப்போதோ துருவேறி ஊமை.

பெரட்டுக்களத்தில்
ஒண்டிவேலு தலையைச் சாய்த்தான்.
குழாயின் சுருதி மாறியிருந்தது.
எழுந்தான். "குந்துடா" என்றார்கள்.
ஸ்டோருக்கு அடியில்தான் பிள்ளைக்காம்பரா.
ஸ்ட்ரைக் என்றாலும்
கைக்குழந்தைகள் அங்கேதான் தூங்கும்.
ஓடினான்.

ஊசி பதினான்கில்.
ஏழில் எப்போதும் நடுங்குமாம் அது.
பதினான்கில் நடுங்கவே இல்லை,
ஊர் வந்து சேர்ந்த மாதிரி நின்றது.
அரை மூச்சு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று
அவனே பிறகு சொல்லியிருக்கிறான்.
அப்புறம்தான்
சாக்குச் சுற்றிய கையால் வால்வைத் திறந்தான்.

ஆவி போன சத்தம் டவுன் வரைக்கும்.
பிள்ளைக்காம்பராவில் ஒரே அழுகை.
அவ்வளவுதான் சேதம்.

ஸ்ட்ரைக் நேரத்தில் மெசினைத் தொட்டதற்கு
ஆபீசில் பத்துச்சீட்டு.
ஸ்ட்ரைக் நேரத்தில் மெசினைத் தொட்டதற்கு
சங்கத்தில் கருங்காலி என்ற பேர்.
செக்ரோலில் அவன் பேர் மேல் ஒரு கோடு,
நல்ல சிவப்பு மையில்.

தலைமன்னாரில் கப்பலேறினான் என்கிறார்கள்.
மேல்தட்டில் நின்று கடல் பார்த்தானோ,
தரையில் காதை வைத்து
அடியில் எரியும் சூட்டை அளந்துகொண்டு போனானோ.
பழைய பாய்லரைக் கழற்றிய வருசம்
வட்டத்தை மட்டும் யாரோ மாடத்தில் வைத்தார்கள்.
சங்கத்து ஆட்களாய்த்தான் இருக்கும்.

"முன் கொதிகலன் என்றால்
பின்னாலும் ஒன்று இருந்திருக்குமே,
அதனுடையது எங்கே?" என்றாள்.

பக்கட் நானூறு கிராம்,
விலை அட்டையில் இருக்கிறது என்றேன்.